என் வாடிக்கு மூன்று கரை

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இன்றைக்கு ஓலைத்தொடுவாயில் ஆறு படகும், கரையில் கொட்டில் போட்ட கருவாட்டு வாடியும் எனக்கு இருக்கிறது. ஒருத்தரிடமும் கைநீட்டிச் சேர்த்ததில்லை. வாடியை ஒழுங்காகப் பதிய வேண்டும் என்று நானாகத்தான் மூன்று அரச கந்தோருக்கும் எழுதிக் கொடுத்தேன். அதுதான் நான் செய்த பிழை.

ஒரு வருஷத்தில் மூன்று பதில் வந்தது. மீனைப் பார்க்கிற கந்தோர், வாடி சரியான இடத்தில் நிற்கிறது என்றது. காணிக் கந்தோர், அது அரச காணி என்றது. கரையைப் பார்க்கிற கந்தோர், வாடி கடலுக்குள் நிற்கிறது, பதினாலு நாளில் கழற்று என்றது. கடலுக்குள் எந்தக் கருவாடு காயும்? முருங்கன் பக்கத்துக் குடியேற்றத்திலிருந்து வந்து தங்கி ஒன்பது பெண்கள் அங்கே கூலிக்கு மீன் காயப்போடுகிறார்கள். வாடி போனால் அவர்களின் அடுப்பும் அணைந்துவிடும்.

மூன்று கடிதத்தையும் மேசையில் வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தேன். அளந்த திகதியைப் பார்த்தபோதுதான் விளங்கியது. மீன் கந்தோர்க்காரர் அளந்தது வாடைக் காற்றில். அப்போது எங்கள் பக்கக் கடல் குளம் மாதிரிக் கிடக்கும், கரை அகன்றிருக்கும். கரைக்காரர் அளந்தது சோளகத்தில். அலை ஏறி மண்ணைத் தின்கிற காலம். காணிக்காரர் வரவே இல்லை, காணிப் படத்தைப் பார்த்து எழுதியிருக்கிறார். ஒருத்தர் அளந்ததை மற்றவர் கேட்கவில்லை. மூன்று கந்தோருக்கும் நடுவில் இருப்பது ஒரு தேத்தண்ணிக் கடைதான்.

ஒவ்வொரு கந்தோர்ப் படியாக ஏறினேன். மற்றவர் சரி என்று சொன்னால் தாங்களும் சொல்வார்களாம். சேர்ந்து வந்து பாருங்கோ என்றால் வாகனம் இல்லையாம். கருவாடு ஏற்றுகிற என் வானைக் கொண்டுபோய் வாசலில் விட்டேன். கழற்றச் சொன்ன கடிதம் வந்த பதினோராம் நாள் மூன்று பேரையும் ஏற்றினேன். வானுக்குள் ஒருவருக்கொருவர் தங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டதை என் காதால் கேட்டேன்.

கரையில் ஒருவர் நனைந்த மண்ணிலிருந்து நாடாவை இழுத்தார். ஒருவர் அடம்பன் கொடி தொடங்குகிற இடத்திலிருந்து. காணிக்காரர் ஒரு எல்லைக்கல்லைத் தேடினார். அது கடலுக்குள் போய் எத்தனையோ வருஷம். கரைக்காரர் மெல்லச் சொன்னார்: "ஐயா, உங்கட வாடி கரையிலதான் நிக்குது. எங்கட படத்திலதான் அந்தக் கரை இல்லை."

"அப்ப படத்தைக் கழட்டுங்கோ தம்பி" என்றேன்.

வாடிப் பெண்களில் மூத்தவள் கூடையோடு வந்து நின்றாள். "ஐயா, வெயில் போகுது. மீனத் திருப்பிப் போடலாங்களா, இல்ல அதுக்கும் கடுதாசி வேணுமா?" என்று அவர்களைப் பார்த்தே கேட்டாள்.

சோளகத்தில் அலை ஏறுகிற கடைசி இடத்தை நானே காட்டி முளை அடித்தேன். வாடியின் முன்பந்தல் மட்டும் முளைக்கு வெளியே வந்தது. அதைக் கழற்றுகிறேன், மிச்சம் நிற்கட்டும் என்றேன். மூன்று பேரும் தலையாட்டினார்கள். தனித்தனியாகக் கடிதம் அனுப்புவார்களாம்.

அந்தச் சொல்லில்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வானைப் பூட்டித் திறப்பைச் சட்டைப் பையில் போட்டேன். ஒரே தாளில் மூன்று கையெழுத்தும் விழாமல் வான் வெளிக்கிடாது என்றேன். அப்படி ஒரு முறை இல்லை என்றார் காணிக்காரர். இனி இருக்கும் என்றேன். கடைசியில் வானின் மூக்கில் தாளை வைத்து மூன்று பேரும் போட்டார்கள்.

அவர்கள் மனம் மாற முதல் பந்தலை அங்கேயே அறுத்து விழுத்தினேன். எல்லாம் அரை மணித்தியால வேலை. போகும்போது மூவரும் பழைய கூட்டாளிகள் மாதிரிச் சிரித்துக் கதைத்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பக்கத்து வாடிக்காரனுக்கும் அதே மூன்று கடிதம் வந்திருக்கிறது. அவனிடம் இருப்பது ஒரு சைக்கிள்.