பூரணி அளந்த கொழுந்து

பூரணிக்கு மேற்படிப்புக்கு இரண்டு இடம் கிடைத்திருந்தது. ஒன்று மண்ணியல், கைக்காசு போட்டுப் படிக்க வேண்டும். மற்றது பெருந்தோட்ட முகாமைத்துவம், தோட்டங்களை நிர்வகிக்கும் படிப்பு, உதவித்தொகை உண்டு. பட்டப்படிப்பின் கடைசி வருடத்தில் அவள் செய்த ஆய்வைப் பார்த்து அந்தத் துறைப் பேராசிரியரே கூப்பிட்டிருந்தார். வெள்ளிக்கிழமைக்குள் எது என்று சொல்லியாக வேண்டும்.

அந்த ஆய்வுதான் அவளை உறுத்தியது.

இலங்கை மலைநாட்டில், டிக்கோயாவுக்கு மேலே, பிறந்த தேயிலைத் தோட்டத்தில், அம்மா அழகம்மா கொழுந்து பறிக்கும் மலையிலேயே அதைச் செய்திருந்தாள். ஒரு பெண் நாளொன்றுக்கு எவ்வளவு பறிக்கிறாள் என்ற கணக்கு. ஒரு வாரம் தராசுக்குப் பக்கத்தில் நின்று எழுதினாள். அனுமதி தந்ததற்கு மரியாதையாக, அட்டை போட்டு ஒரு பிரதியைத் தோட்டத்து ஆபிசிலும் கொடுத்தாள். கொஞ்ச நாளில் தோட்டத்தை நடத்தும் துரை, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் நின்று, ஒருத்தி நாளொன்றுக்குப் பறிக்க வேண்டிய கிலோவைக் கூட்டிவிட்டார். "நம்ம தோட்டத்துப் புள்ளையே அளந்து காட்டியிருக்கு" என்றாராம். இப்போது அந்த அளவு வராவிட்டால் அரைப்பேர்தான், பாதிச் சம்பளம்.

மண்ணை எடுத்தால் யாருடைய கையையும் அளக்க வேண்டியதில்லை. அப்படித்தான் முடிவு செய்து வைத்திருந்தாள்.

அன்று மாலை பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனபோது அம்மாவும் பக்கத்து வீட்டு சண்முகவடிவும் கால் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"என்னா பூரணி, தொர ஆகப்போறியாமே? வந்தோடன மொதல்ல எங்களத்தான் வெரட்டுவ" என்றாள் சண்முகவடிவு.

"இல்லக்கா. மண்ணு படிக்கலாமுன்னு இருக்கேன்."

"மண்ணா? அது ஒங்கம்மா நெகத்துலயே இருக்கே. அதுக்கு ஏன் அவ்வளவு தூரம் போற?"

அழகம்மா சிரிக்கவில்லை. "கூப்புட்டுக் குடுக்குறத வேணாங்குறா, வடிவு. இதுக்கா நம்ம அந்த வாரம் அப்பிடி ஓடுனோம்?"

"ஓடுனீங்களா?" என்றாள் பூரணி.

"பின்ன? ஒனக்கு மார்க்கு விழ வேணாமா?" என்றாள் சண்முகவடிவு. "கொழுந்து கொறஞ்சா புள்ளைய பெயிலாக்கிருவாங்கன்னு ஒங்கம்மா ஒவ்வொரு தேயில நெறையா வந்து கெஞ்சுனா. தேத்தண்ணிக்குக்கூட ஒருத்தியும் நிக்கல. நான் காய்ச்சலோட பறிச்சேன்டி."

குடம் நிரம்பி வழிந்தது. பூரணி அதை எடுக்கவில்லை. ஆய்வின் முதல் பக்கத்தில் 'சாதாரண வேலை நாட்கள்' என்று எழுதியது அவள்தான். அந்த வாரம் அம்மா வீட்டுக்கு வந்ததும் சாப்பிடாமல் படுத்ததைப் பார்த்தவளும் அவள்தான். மழைக்களைப்பு என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை, போனுக்கு சிக்னல் எடுக்கும் இடமான கோவில் மேட்டுக்கு ஏறிப் பேராசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். இடம் இல்லை என்று அவர் சொல்லிவிட்டால் நிம்மதி என்றுகூட இருந்தது.

"அப்ப அந்தக் கணக்குப் பிழை" என்றார். "மறுபடி அளந்தாத்தான் திருத்தலாம். மண்ணியல்ல இருந்துகொண்டு அதைச் செய்ய ஏலாது. என்ன செய்யப்போறீங்க?"

"வாறேன், சேர்" என்றாள். இறங்கி வரும்போது, வாறேன் என்றது திருத்துவதற்காகவா, உதவித்தொகைக்காகவா என்று அவளுக்கே விளங்கவில்லை.

அம்மா வேலை முடிந்து வந்ததும் சொன்னாள். "அதே படிப்புத்தாம்மா. திரும்பி வந்து ஒங்க மலையில மறுபடி அளக்கப்போறேன். அதையும் தொரைக்கிட்ட குடுப்பேன்."

அழகம்மா வெடித்த விரலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். முகம் மலர்ந்தது.

"அப்ப இந்தவாட்டி மெதுவா பறிக்கணுமா? எல்லாருகிட்டயும் சொல்லிரவா?"

"ஐயோ, ஒண்ணும் சொல்லாதீங்கம்மா. எப்பவும் போல பறிங்க, அது போதும்."

அழகம்மா எண்ணெய்ச் சீசாவை மூடினாள்.

"எப்பவும் போலன்னா எப்பிடி? இப்ப எப்பவுமே அப்பிடித்தானே ஓடுறோம்."