சமாதான மண்டபமும் வெல்டிங் டீச்சரும்

இளைஞர் பயிற்சி மையத்தில் அவளை எல்லோரும் 'வெல்டிங் டீச்சர்' என்றே கூப்பிட்டார்கள். கல்யாணமான புதிதில் மாமனாரின் கேட் பட்டறையில் ஒத்தாசைக்கு நின்று, பார்த்துப் பார்த்தே தொழிலைப் பிடித்துக்கொண்டவள். மையத்தில் சேர்ந்து பதினாறு வருஷம். முன்கையெல்லாம் பொறி பட்ட தழும்பு. வாயும் கிட்டத்தட்ட பொறிதான், பட்டால் சுடும்.

மையம் இருந்தது மேட்டுத் தெருவுக்கும் ஆற்றோரத் தெருவுக்கும் நடுவில். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு தண்ணீர்க் குழாய்த் தகராறில் இரண்டு தெருவும் அடித்துக்கொண்டு ஒன்பது கடைகள் எரிந்தன. அவள் தம்பியின் சைக்கிள் கடையும் போனது. அன்று முழங்காலில் அடிபட்டவன் இன்னும் நொண்டித்தான் நடக்கிறான். அதன் பிறகு ஒரு தெருப் பிள்ளைகள் மறு தெருப் பிள்ளைகளோடு பேச்சே வைத்துக்கொள்வதில்லை.

வெல்டிங்கில் ஒருவர் இரும்பைப் பிடிக்க வேண்டும், இன்னொருவர் பற்ற வைக்க வேண்டும். டீச்சர் வேண்டுமென்றே தெருவுக்கு ஒருவராக ஜோடி சேர்த்தாள்.

"அவன் பிடிச்சா நான் வைக்க மாட்டேன் டீச்சர்" என்றான் மேட்டுத் தெரு நெட்டையன்.

"அப்போ உன் கால் கட்டைவிரல்ல பிடிச்சுக்கோ" என்றாள்.

ஆறாவது வாரம் நெட்டையன் முகமூடி போடாமல் குனிந்தபோது, ஆற்றோரத் தெருச் சுருட்டை சட்டென்று தன் கையை நீட்டி அவன் கண்ணை மறைத்தான். பொறி சுருட்டையின் புறங்கையில் விழுந்தது. அதற்கு மறுநாள் இருவரும் ஒரே பாட்டிலில் தண்ணீர் குடித்ததை டீச்சர் பார்த்தும் பார்க்காதவள் போல இருந்துகொண்டாள்.

அந்த நேரத்தில்தான் 'மையத்தை வலுப்படுத்தும் திட்டம்' வந்து சேர்ந்தது. மெத்தை நாற்காலி, பெரிய திரை, இரண்டு ஏசி வைத்து சமாதான மண்டபம் எழும்பியது. ஏசியும் வெல்டிங் மெஷினும் சேர்ந்து ஓடிய முதல் நாளே ஃபியூஸ் போனது.

"புது லைன் வர்ற வரைக்கும் பட்டறையை நிறுத்தி வைப்போம் டீச்சர்" என்றார் பொறுப்பாளர்.

"எப்போ வரும்?"

"எழுதிப் போட்டிருக்கோம்ல."

மின்சார அலுவலகத்துக்கு ஏழு தடவை நடந்தாள். தலைமை அலுவலகம் கேட்டால்தான் லைன் என்றார்கள். தலைமை அலுவலகத்திலோ, மண்டபம் முடிந்ததும் கோப்பை மூடிவிட்டோம் என்றார்கள். பட்டறையில் நின்ற பன்னிரண்டு பேரும் இப்போது மண்டபத்தில் உட்கார்ந்து, ஒருவரை ஒருவர் மதிப்பது எப்படி என்று திரையில் பார்த்தார்கள். இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் ஆறு, நடுவே ஒரு வரிசை காலி. இரண்டு மாதத்தில் அந்தக் கூட்டமும் நாலு பேராகச் சுருங்கியது.

ஒரு சாயங்காலம் தம்பி மூச்சிரைக்க வந்தான். "பஸ் நிலையத்துல கல்லெறி அக்கா. நெட்டையன் எறிஞ்சது சுருட்டை புருவத்துல பட்டிருச்சு. நாலு தையல்."

அவள் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தாள். "அவன் கையில கல்லைக் கொடுத்தது நாங்கதான்டா. வெல்டிங் ராடைப் பிடுங்கிட்டோம்ல" என்றாள்.

மறுவாரம் பெரிய அதிகாரி மண்டபத்தில் பேச வந்தார். அவர் பேச ஆரம்பித்த ஐந்தாவது நிமிஷம் டீச்சர் ஏசி மெயினை அணைத்துவிட்டு மெஷினை ஓட்டினாள். வேர்த்துக் கொட்டியபடி வெளியே வந்தவர், "என்னம்மா இது?" என்றார்.

"ரெண்டுல ஒண்ணுக்குத்தான் கரண்ட் இருக்கு ஐயா. எது வேணும்னு நீங்களே சொல்லுங்க."

அதிகாரி சிரித்தார், பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார். மூன்றாம் நாள் அவளுக்கு மெமோ வந்தது. கூடவே ஓர் உத்தரவு: காலை ஆறிலிருந்து ஒன்பது வரை பட்டறை, பிறகு மண்டபம். புது லைன் 'பரிசீலனையில்'.

கிடைத்த மூன்று மணி நேரத்தையாவது விடக் கூடாது என்று, பன்னிரண்டு வீட்டு வாசலையும் ஏறி இறங்கினாள். ஏழு பேர் பட்டறைக்குத் திரும்பி வந்தார்கள். நெட்டையனின் அம்மா கதவைப் பாதிதான் திறந்தாள். "வெளியூர்ல மூட்டை தூக்கப் போயிட்டான் டீச்சர். இங்க முகத்தைக் காட்ட முடியலையாம்."

சுருட்டை வந்தான். புருவத்தில் தையல் போட்ட கோடு. இரும்பை எடுத்து வைத்துவிட்டு, எதிரே காலியாக இருந்த இடத்தைப் பார்த்தான்.

"அவன் வரலையா டீச்சர்?"

"இல்லடா. இன்னைக்கு நான் பிடிக்கிறேன், நீ வை" என்றாள். கோபத்தில் அழுத்திப் பிடித்ததில் இரும்பு கோணிக்கொண்டது. இரண்டாவது தடவைதான் இரும்பு நேராக நின்றது.