அப்பா இருக்கும் சுரங்கம்

என் கையெழுத்து கோணல், பிழைகளும் இருக்கும், மன்னியுங்கள். ஐந்தாவது வரைதான் படித்தேன்.

பொம்மனஹள்ளி வீட்டில் அம்மாவுக்குச் செல்போனில் ஒரு வீடியோ காட்டினேன். சீனாவில் வெள்ளைக்காரர்கள் தோண்டிய பழைய நிலக்கரிச் சுரங்கத்தில் தண்ணீரை இறைத்துவிட்டு, ஆட்களை உள்ளே கூட்டிப்போய்க் காட்டுகிறார்கள்.

கோலார் தங்கவயலில் பாறை சரிந்தபோது அப்பாவின் உடலை எடுக்க முடியவில்லை. சுரங்கத்தை மூடிய பிறகு அதில் தண்ணீர் நிறைந்துவிட்டது.

"அங்க எறச்சிட்டாங்களே. உங்க நைனாவையும் எடுக்கலாம்டா. உன் ஆபீஸ்ல பெரிய சார்கிட்ட சொல்லேன்" என்றாள் அம்மா.

அந்த ஆபீஸில் நான் தரை துடைக்கிறவன். சார் வந்தால் வாளியை ஓரமாக நகர்த்துவேன், அவ்வளவுதான்.

தினமும் கேட்கிறாள். "சார் லீவும்மா" என்கிறேன்.

"இன்னைக்குமா? அந்தாள வேலைய விட்டே தூக்கிருவாங்க" என்றாள் இன்று.

நாளைக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

12 அக்டோபர் 2025