சுகயீன நாட்கள்: பூச்சியம்

எழுபதுகளின் பிற்பகுதியில் பதுளையில் ஒரு சுகாதார ஆய்வுக்குக் கேள்வித்தாள் நிரப்பிக்கொண்டிருந்தேன். நீண்டகால நோய்கள் நகரத்தாரையும் தேயிலைத் தோட்டத்தாரையும் எப்படி வெவ்வேறாகப் பாதிக்கின்றன என்பதைப் புள்ளிவிபரம் மூலம் அறிய விரும்பினார் ஒரு கொழும்பு டொக்டர். கணக்கு அவருடையது, தொழிலாளர் வீட்டு வரிசைகளான லயங்களில் ஏறி இறங்குவது என் வேலை.

ஒரு லயத்து வாசலில் கொழுந்தெடுக்கும் அக்கா ஒருத்தி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நெஞ்சு விசிலடித்தது.

"போன வருஷம் சுகமில்லாம எத்தனை நாள் வேலைக்குப் போகல?"

"ஒரு நாளும் இல்லீங்க மிஸ். போகாட்டி பேரு விழாதுங்களே."

பேர் விழாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை. நான் பூச்சியம் என்று எழுதினேன். அன்று இன்னும் மூன்று லயங்கள் மிச்சமிருந்தன.

சில மாதங்களில் டொக்டர் அட்டவணைகளோடு வந்தார். "தோட்டத்தில நோய் வருத்தம் குறைவு எண்டு வருது. எனக்கு விளங்கேல்ல."

அந்த அக்காவைப் பற்றிச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நாங்கள் லீவைத்தான் கேட்டிருக்கிறம், பிள்ளை."

கேள்வி மாறியது. ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறதா, நடுவில் நிற்கவேண்டியிருக்கிறதா என்று எல்லோரிடமும் மறுபடி கேட்க வேண்டும். அதைக் கேட்டதுமே எனக்குக் கால் வலித்தது.

இரண்டாம் முறை போனபோது அந்த அக்காவின் காம்பிராவில் வேறு குடும்பம் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள்: "அவங்க இந்தியப் பிரஜாவுரிமை கெடச்சு போன மாசம் அங்க போயிட்டாங்க மிஸ். ரயிலடிக்குப் போற வழியில அந்த அக்கா நாலு எடத்துல குந்திக் குந்தித்தான் போனாங்க."

புதிய கணக்கில் தோட்டத்தில்தான் நோய் கூட என்பது தெளிவாகத் தெரிந்தது. அடுப்புப் புகை, குளிர், மருந்துக்கு நடக்கும் தூரம் என்று ஒவ்வொன்றையும் கழித்துப் பார்த்த பிறகும் தோட்டத்தாரின் பங்கில் ஏதோ மிஞ்சி நின்றது. இரண்டாம் முறை நான் காண முடியாதவர்களை டொக்டர் கணக்கிலிருந்து நீக்கிவிட்டார்.

"அந்த அக்காவை மட்டும் வச்சிருக்க ஏலாதா?" என்று கேட்டேன்.

"பதில் இல்லாம எப்பிடி?" என்றார்.

அறிக்கை போன பிறகு அந்தத் தோட்டத்துக்கு வாரத்தில் ஒரு நாள் மருத்துவர் வரத் தொடங்கினார். முதல் நாளே வரிசை கொழுந்து நிறுக்கும் மடுவம் வரை நின்றதாம். நான் பார்க்கவில்லை. வெலிமடைப் பக்கம் வேறொரு கட்டுக் கேள்வித்தாளோடு ஏறிக்கொண்டிருந்தேன்.