கனடா காருக்குச் செங்கம் ரோட்டில் டயர்

ஒரு மாதத்துக்கு மேலாக நான் டயர் கடைக்கு நடையாய் நடந்திருக்கிறேன். என்னிடம் வண்டி கிடையாது.

போன மாதம் ஒரு நாள் கடையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். பஞ்சர் ஒட்ட வந்த லாரி டிரைவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டேவிட்டார்.

"எந்த வண்டிக்கும்மா டயரு?"

"ஸ்போர்ட்ஸ் காருக்கு."

"வண்டி எங்க நிக்குது?"

"கனடாவுல."

அவர் திரும்பிக் கடைக்காரர் சலீம் பாயைப் பார்த்தார். பாய் முகத்தில் சிரிப்பே இல்லை. "டீச்சர் சொல்றது நெசந்தாம்பா" என்றார்.  டிரைவர் மெல்ல டீக்கடைப் பக்கம் நகர்ந்துவிட்டார்.

விஷயம் இதுதான். என் ஒரே மகன் சரவணன் கனடாவில், கால்கரியில் இருக்கிறான். கம்ப்யூட்டர் வேலை. இந்தக் கோடையில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்கினான். சிவப்பு கலர், இரண்டே கதவு, இரண்டே சீட். அந்த இரண்டாவது சீட்டில் உட்கார ஆளைத்தான் இன்னும் காணோம்... சரி, அது வேறு கதை.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குக் கூப்பிடுவான். அவனுக்கு அப்போதுதான் சனிக்கிழமை முடிகிற நேரம்.

"சாப்டியாம்மா?"

"சாப்டேன். நீ?"

"சாப்டேன். அங்க மழையா?"

"லேசா."

"சரிம்மா, வெச்சிடட்டா?"

நான்கு நிமிஷம். அதிலும் ஒரு நிமிஷம் 'கேக்குதா, கேக்குதா' என்பதில் போய்விடும். உங்கள் வீட்டில் எத்தனை நிமிஷம்? பொய் சொல்லாதீர்கள்.

அவன் அப்பா இருந்தவரை இப்படி இல்லை. பைக், கார், இன்ஜின் ஆயில் என்று இரண்டு பேரும் மணிக்கணக்கில் பேசுவார்கள். 'போதும், எங்கிட்ட குடுங்க' என்று நான்தான் நடுவில் போனைப் பிடுங்குவேன். அவர் போய் நாலு வருஷம் ஆகிறது. இப்போது போன் முழுக்க எனக்குத்தான். பேசத்தான் ஒன்றும் இல்லை.

அப்படிப்பட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமையில், வைக்கப் போகிற நேரத்தில், பேச்சுவாக்கில் சொன்னான்: "பனி விழறதுக்குள்ள வின்டர் டயர் மாத்தணும்மா. எது வாங்கறதுன்னே தெரியல. அப்பா இருந்தா கேட்டிருப்பேன்."

"நான் விசாரிச்சுச் சொல்றேன்" என்றேன்.

எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. முப்பத்து நாலு வருஷம் கணக்கு டீச்சர். டயர் வட்டமாக இருக்கும், அதற்குச் சுற்றளவு உண்டு. அதைத் தாண்டி எனக்கு ஒன்றும் தெரியாது.

சரவணன் சிரித்தான். "உனக்கு என்னம்மா தெரியும்?"

"தெரிஞ்சுக்கறேன். உன் வண்டி டயர்ல என்ன நம்பர் எழுதியிருக்கு, சொல்லு."

போனோடு கீழே இறங்கிப் போய்ப் பார்த்துச் சொன்னான். அன்று ஒன்பது நிமிஷம்!

மறுநாளே சலீம் பாய் கடைக்குப் போனேன். செங்கம் ரோட்டில் அவர் குடும்பத்துக்கு ரொம்ப வருஷமாக டயர் கடை. அவருடைய இரண்டு பெண்களும் என்னிடம் படித்தவர்கள். அதனால் எனக்கு ஸ்டூலும் டீயும் எப்போதும் உண்டு.

"பனியில ஓடற டயரா? நான் ஐஸையே ஜூஸ் கடையிலதான் பாத்திருக்கேன் டீச்சர்" என்றார் பாய். ஆனால் மனிதருக்கு ரப்பர் தெரியும். ஒரு டயரைக் கட்டைவிரலால் அழுத்திக் காட்டினார். "மார்கழில உங்க வூட்டு தேங்கா எண்ணெ இன்னா ஆவுது? பாட்டில்லயே ஒறைஞ்சி பூடுதில்ல? குளிரு ஜாஸ்தியானா இந்த ரப்பரும் அப்படி வெறச்சிக்கும். ரோட்டப் புடிக்காது. குளிர் டயருன்னா ரப்பரே வேற கலவை. குளிர்லயும் மெத்துனு இருக்கணும்."

இதை அப்படியே ஞாயிற்றுக்கிழமை ஒப்பித்தேன். பன்னிரண்டு நிமிஷம்.

அடுத்த வாரம் அகலம். சரவணன் காரில் பின் டயர் அகலம் ஜாஸ்தி, முன் டயர் கம்மி. ஸ்போர்ட்ஸ் காரில் அப்படித்தானாம். அகலமாக இருந்தால்தானே நன்றாகப் பிடிக்கும் என்று நான் பாயிடம் வாதாடினேன். நீங்களும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள். பனியே பார்க்காத ஊர்க்காரர்கள் நாம், வேறு எப்படி நினைப்போம்?

பாய் தலையை ஆட்டினார். "கீழ்பென்னாத்தூர் பக்கம் நடவு சமயத்துல வண்டி சேத்துல மாட்டிக்கும் பாருங்க, அப்ப தெரியும். அகல டயரு சேத்துக்கு மேல மெதக்கும், நின்ன எடத்துலயே சுத்திக்கினு கெடக்கும். ஒல்லி டயரு சேத்தக் கிழிச்சிக்கினு எறங்கி அடியில கெட்டித் தரையப் புடிச்சிக்கும். பனியும் சேறு மாதிரிதான இருக்கும்? ஒல்லியாவே போடச் சொல்லுங்க."

சரவணனிடம் சொன்னேன். 

"அம்மா... இங்க கடைக்காரனும் இதையேதாம்மா சொன்னான்!"

அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பக்கத்து வீட்டுக்காரம்மாவிடம் ஒல்லி டயரின் பெருமையைப் பேசி அவர் குக்கரைத் தீய விட்டேன். 'ஒல்லி டயர் போட்டா லுக்கே போயிடும்மா' என்று அவன் சிணுங்கியதும், 'லுக்கை அலமாரியில வெச்சுப் பூட்டு' என்று நான் அதட்டியதும்... இருபது நிமிஷம் தாண்டிவிட்டது. எத்தனை வருஷம் ஆயிற்று, நான் அவனை அதட்டி!

பாய் கடையிலிருந்து வரும் வழியெல்லாம் ஆசிரமத்துக்கு வரும் வெளிநாட்டுக்காரர்கள் வாடகைக்கு இருக்கும் அறைகள், காபிக் கடைகள். அவர்கள் ஊரில் பனி தொடங்கும்போது இங்கே வந்து இறங்குவார்கள். பனிக்குப் பயந்து அவர்கள் என் ஊருக்கு வர, என் பிள்ளை அந்தப் பனியில் போய் வண்டி ஓட்டுகிறான். ஒரு பிரெஞ்சுக்காரப் பெண்மணி ஒருமுறை என்னிடம், தனிமையைத் தேடி இவ்வளவு தூரம் வந்ததாகச் சொன்னாள். என் வீட்டு மாடி காலியாகத்தான் இருக்கிறது, அம்மணி. கீழ்வீடும் ஏறக்குறைய அப்படித்தான்.

இனி சொல்லப் போவதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் வாராவாரம் இந்தப் பத்தியில் உங்களுக்குப் புத்தி சொல்கிறவள், என் புத்தி போன இடத்தையும் சொல்ல வேண்டாமா?

மூன்றாவது வாரம் புதன்கிழமையே பாய் எல்லாவற்றையும் முடித்துக் கொடுத்துவிட்டார். "நாலும் மாத்தணும் டீச்சர். பின்னாடி மட்டும் போட்டா முன்னாடி திருப்பறப்ப வண்டி கேக்காது. நாலும் ஒரே சைஸு, ஒல்லி. தனி ரிம்முல மாட்டி வெச்சிக்கினா வருசா வருசம் கழட்டிப் போட சுளுவு. சீக்கிரம் வாங்கச் சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை சரவணன் கேட்டான்: "என்னம்மா, ஆர்டர் போட்டுடட்டா?"

'போட்டுடு.' ஒரே வார்த்தை. எனக்குப் பதில் தெரியும், நோட்டில் எழுதியே வைத்திருந்தேன். ஆனால் அவன் ஆர்டர் போட்டுவிட்டால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை? மறுபடியும் சாப்டியா, சாப்டேன்...

"இரு, நாலும் மாத்தணுமா, ரெண்டு போதுமானு பாய்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்."

"பனி எப்ப வேணா விழும்மா."

"ஒரு வாரத்துல என்ன ஆயிடப் போகுது?"

அடுத்த ஞாயிறு தனி ரிம் வேண்டுமா, பழைய ரிம்மே போதுமா என்று இன்னொரு சந்தேகத்தைக் கிளப்பினேன். அதற்கு ஒரு வாரம். அவனும் என் பேச்சைக் கேட்டான். அதுதான் கொடுமை.

அந்த வியாழக்கிழமை ராத்திரி போன் அடித்தது. வியாழக்கிழமை எனக்கு யாரும் போன் செய்வதில்லை.

"அம்மா, எனக்கு ஒண்ணும் ஆகல" என்றுதான் ஆரம்பித்தான். முந்தின ராத்திரி பனி கொட்டியிருக்கிறது. காலையில் வேலைக்குப் போகும்போது ஒரு திருப்பத்தில் பிரேக் போட்டிருக்கிறான். வண்டி நிற்கவில்லை. ஒரு சுற்று சுற்றி எதிர்ப்பக்கத்துக்குப் போய் விளக்குக் கம்பத்தில் இடித்து நின்றிருக்கிறது. "பாய் சொன்னாருல்ல, வெறச்சிக்கும்னு... அப்படியே பலகை மாதிரி வழுக்கிட்டுப் போச்சும்மா. எதிர்ல வண்டி எதுவும் வரல. வந்திருந்தா..."

  விளக்குக் கம்பத்துக்கும் எதிரில் வராத அந்த வண்டிக்கும் நடுவில் என் பிள்ளையை நிறுத்தியது நான்.

"சரவணா, பாய் ரெண்டு வாரம் முன்னாடியே எல்லாம் சொல்லிட்டாரு. நான்தான் உங்கிட்ட சொல்லல."

"ஏம்மா?"

"டயர் வாங்கிட்டா அப்புறம் நீ எங்கிட்ட என்ன பேசுவே?"



"பேசணும்னா, பேசணும்னு சொல்ல வேண்டியதுதானம்மா? இப்படியா பண்ணுவே?" என்று கத்தினான். கத்தட்டும், நியாயம்தான். "வண்டி தூக்கறவங்க வந்துட்டாங்க" என்று வைத்துவிட்டான்.

டிவி ரிமோட் வேலை செய்யவில்லை, கேஸ் புக் ஆகவில்லை, போனில் எழுத்து சின்னதாகிவிட்டது என்றெல்லாம் பிள்ளைகளைக் கூப்பிடுகிறோம். தனியாக இருக்கிறேன், கொஞ்சம் பேசு என்று மட்டும் சொல்வதில்லை. ஏன்? ரோஷமா, பயமா? கேட்டும் அவன் பேசாவிட்டால் என்ன செய்வது என்கிற பயம்தான் எனக்கு. இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

சலீம் பாயிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் ஆறுதல் சொல்லவில்லை. "டயரு வாங்கற வரைக்கும்தான் டீச்சர் ஆளு கடைக்கு வருவான். எங்களுக்குத் தெரியாதா? ஆனா இன்னிக்கு வரைக்கும் ஒரு கஸ்டமரக்கூட தேஞ்ச டயரோட நாளைக்கு வானு நான் அனுப்பினதில்ல" என்றார். சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

அந்த வாரமே சரவணன் காரை ரிப்பேர் செய்து நான்கு டயரும் மாட்டிவிட்டான். வாட்ஸ்அப்பில் போட்டோ வந்தது. ஒல்லியான நான்கு கறுப்பு டயர். கீழே ஒரு எழுத்துகூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணி ஆயிற்று, எட்டே கால் ஆயிற்று. போன் வரவில்லை. நானே கூப்பிட்டேன்.

"சாப்டியாம்மா?"

"சாப்டேன்."

அடுத்து 'வெச்சிடட்டா' வரும் என்று தெரியும். அதற்குள் சொல்லிவிட்டேன்.

"வெக்காதேடா. கேக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. சும்மா பேசணும் போல இருக்கு."

வீட்டில் வேறு யாரும் இல்லை, இருந்தும் என் முகம் சூடாகிவிட்டது.

"சரிம்மா, பேசு" என்றான்.

முப்பத்து நாலு வருஷம் வகுப்பில் தொண்டை வறளப் பேசியவளுக்கு ஒரு வார்த்தை வரவில்லை. அவனுக்கும்தான். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தான். வைக்கவில்லை.

மொத்தம் பதினோரு நிமிஷம். அதில் ஏழு நிமிஷம் வெறும் குழாய்ச் சத்தம்... விடாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.