மச்சான் சொன்ன திரைக்கதை

ஊட்டியில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் திரைக்கதை எழுதுகிறவர்களைக் கொண்டாட ஒரு விழா எடுத்தார்கள். காலையில் படம், பிறகு பேச்சு, மாலையில் மறுபடியும் படம். கடைசி நாள் மதியம் புதியவர்கள் தங்கள் கதையோடு வரலாம் என்று நோட்டீஸில் போட்டிருந்தது. நான் போனது அதற்காகத்தான்.

நான் தேயிலைத்தூள் கடையில் பில் போடுகிறவன். பன்னிரண்டாவதோடு படிப்பு முடிந்தது. நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. கடையில்கூட ஆள் முகத்தைப் பார்க்காமல் பில்லை நீட்டித்தான் பழக்கம். வாய் வராததால்தான் எழுத உட்கார்ந்தேன் என்று நினைக்கிறேன்.

எழுதியது என் அம்மாவைப் பற்றி. சேரம்பாடிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவள். அங்கே வேலையில் இருக்கும்வரைதான் எஸ்டேட் கொடுக்கும் லைன் வீடு. ரிட்டயர் ஆனால் காலி செய்து சாவியை ஆபீஸில் கொடுத்துவிட வேண்டும். அம்மாவின் முறை வந்தபோது பெட்டி தூக்க நான் போயிருந்தேன். இனி தன் வீடு இல்லை என்று தெரிந்தும் தரையைக் கழுவிவிட்டாள். அடுப்பில் சாம்பல் இல்லாமல் வழித்தாள். ஆபீஸில் மேசைமேல் சாவியை வைத்தாள். மேனேஜர் தலை நிமிராமல் "சரி" என்றார். திரும்பி நடந்தாள். கூடலூர் தாண்டி ஊட்டி வரும்வரை பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை. அதன்பிறகு எங்களோடு இருந்த காலம் முழுக்க எஸ்டேட் என்ற பேச்சையே எடுக்கவில்லை. நாங்கள் எடுத்தால் எழுந்து போய்விடுவாள். அப்படியே போயும் சேர்ந்துவிட்டாள்.

அவள் வாய் திறக்காததைத்தான் நான் எழுதியிருந்தேன். கடைசிப் பக்கங்களில் ஒரு வசனம் கிடையாது. விஷயம் தெரிந்த ஒருவர் அதைப் படித்துவிட்டு, இது இப்படியே இருக்கட்டும் என்று சொன்னால் போதும் என்றிருந்தேன். படமாக வேண்டும் என்றெல்லாம் பேராசை இல்லை.

"தனியாப் போனா வாசல்லயே நின்னுட்டுத் திரும்பி வந்துருவீங்க. எங்கண்ணனைக் கூட்டிட்டுப் போங்க" என்றாள் என் மனைவி. அவள் அண்ணன், என் மச்சான், டூரிஸ்ட் கார் ஓட்டுகிறவர். வருகிறவர்களுக்கு ஷூட்டிங் எடுத்த இடங்களைக் காட்டுவார். எந்த மரத்தடியில் வண்டியை நிறுத்தினாலும் அங்கே ஒரு கதாநாயகி ஓடியிருப்பாள், இவர் பக்கத்தில் நின்று குடை பிடித்திருப்பார். என் கதையை அவரிடம் வழியில் இரண்டு நிமிடத்தில் சொன்னேன். "பாவமுங்க" என்றார்.

நாங்கள் போனபோது மேடையில் ஒரு மூத்த எழுத்தாளருக்குப் பொன்னாடை போர்த்திக்கொண்டிருந்தார்கள். அவர் மைக்கைப் பிடித்து, "நான் எழுதுனதை எந்த ஹீரோவும் படிச்சதில்லை, எந்தத் தயாரிப்பாளரும் படிச்சதில்லை. இந்தத் தொழில்ல எழுத்துக்கு மரியாதை கிடையாது" என்றார். கண் கலங்கினார். எனக்கும் கலங்கியது. என் கதையைக் கொடுக்க வேண்டிய ஆள் இவர்தான் என்று முடிவு செய்துகொண்டேன்.

மதியம் அவரே நடுவராக உட்கார்ந்தார். ஸ்பைரல் போட்ட பிரதியை நீட்டினேன். பக்கத்திலிருந்த பெண் தடுத்து, "ஸ்கிரிப்ட் வேண்டாம் சார். நரேஷன் மட்டும்தான்" என்றாள். கதையை எழுந்து நின்று சொல்லிக் காட்ட வேண்டுமாம். சினிமாவில் அதுதான் வழக்கமாம். எனக்கு முன்னால் போன ஒருவர் யானை பிளிறுவதுபோல் பிளிறினார். இன்னொருவர் மேடையிலேயே செத்து விழுந்து, எழுந்து, பின்னணி இசையும் போட்டார். எல்லோரும் ரசித்தார்கள்.

என்னைக் கூப்பிட்டார்கள். "வணக்கம்... இது ஒரு அம்மா..." என்றேன்.

"கொஞ்சம் சத்தமா சொல்லுங்க."

"எழுதி வச்சிருக்கேங்க ஐயா. கடைசியில பத்துப் பக்கம் மட்டும் நீங்க படிச்சீங்கன்னா..."

மூத்தவர் சிரித்தார். "படிக்க நேரம் ஏதுப்பா? நீ சொன்னா எங்க கண்ணுல படம் ஓடணும்."

காலையில் அழுத மனிதர்தான். பிரதியின் கடைசிப் பக்கங்களைப் புரட்டிக்கொண்டு நின்றேன். பின்வரிசையிலிருந்து மச்சான் எழுந்து வந்தார். "மாப்ள, நீங்க உக்காருங்க. நாஞ் சொல்றேன்." எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

நன்றாகத்தான் சொன்னார். மஞ்சு மூட்டம் இறங்குவதைக் கையால் காட்டினார். லைன் வீட்டுக் கதவு கிரீச்சென்றதை வாயால் செய்தார். சாவியோடு அம்மா ஆபீஸுக்குள் நுழைந்தாள். அங்கே கொஞ்சம் நிறுத்தினார். பிறகு சாவியை மேனேஜர் மேசையில் வீசியெறிந்து, குரலை உயர்த்தினார்: "இந்த மலையில என் கை படாம ஒரு செடி வளந்துருக்குங்களா தொரை? அத்தனை செடிக்கும் வேர் விட எடம் குடுத்தீங்க. எனக்கு ஏன் குடுக்கல?"

மண்டபம் கைதட்டியது. பலர் செல்போனில் பிடித்தார்கள்.

"யாருங்க நீங்க?" என்றார் மூத்தவர்.

"டிரைவருங்க. எழுதுனது எங்க மாப்ளைங்க, எனக்கு வாய் மட்டுந்தான்."

"அந்த வாய்தான்யா வேணும். சென்னைக்கு வா, கதை டிஸ்கஷன்ல உக்காரு." பிறகு என் பக்கம் திரும்பினார். "உங்க அம்மாவா? கொடுத்து வச்சவர் நீங்க. அந்தக் கேள்வி ஒண்ணு போதும், படம் நிக்கும்."

அவள் எதுவும் கேட்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். பிரதியை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

காரில் மச்சான் கேட்டார், "ஏனுங்க மாப்ள, கோவமுங்களா?"

"எங்கம்மா அப்படிக் கேக்கல மச்சான்."

"தெரியுமுங்க. ஆனாக் கேட்டுருக்கோணுமல்லங்க? பேசாம வந்துட்டாங்கன்னு சொன்னா எவன் கை தட்டுவான்?"

அவர் கெட்டவர் இல்லை. என் அம்மாவுக்கு நல்லது செய்ததாகவே நினைத்தார். மற்றவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். அந்த வீடியோ வாட்ஸ்அப்பில் போகாத இடமில்லை. என் மனைவி தெருவில் எல்லோருக்கும் காட்டினாள். "எங்க அத்தை தைரியசாலி" என்று என் எதிரிலேயே சொன்னாள். அத்தையோடு ஒரே அடுப்படியில் நின்றவள் அவள்.

கொஞ்ச நாள் கழித்து சேரம்பாடியிலிருந்து ஒரு அக்கா கடைக்கு வந்தார். எங்கள் லைனில் பக்கத்து வீடு. சாவி கொடுத்த அன்று லீவு சொல்ல வந்து, ஆபீஸ் வாசலில் என்னோடு நின்றவர். இவராவது நடந்ததைச் சொல்வார் என்று, நானாக முகம் நிமிர்த்தி, "வீடியோ பாத்தீங்களாக்கா?" என்றேன்.

"பாக்காம? வீடியோ எதுக்கு தம்பி, நாந்தான் அன்னிக்கு வாசல்லயே நின்னேனே. உங்கம்மா கேட்ட கேள்வி இன்னும் காதுல நிக்குது. மேனேஜர் மூஞ்சி செத்துப்போச்சில்ல?"

பொய் சொல்கிற முகம் இல்லை அது. நிஜமாகவே கேட்டதாக நினைவு வைத்திருந்தார்.

அவருக்கு அரைக்கிலோ தூள் போட்டுக் கொடுத்தேன். அன்று அம்மா பேசாமல் வெளியே வந்ததைப் பார்த்தவர்கள் நாங்கள் இரண்டு பேர். இப்போது நான் ஒருவன்தான்.