எல்லைக் கோட்டில் நின்றுபோன வாய்க்கால்

டெல்டாவில் ஒரு சின்ன நகராட்சியின் ஜி.ஐ.எஸ். பிரிவு என் பொறுப்பில் இருந்தது. பிரிவு என்றால் நான், ஒரு கணினி, மழைக்கு ஒழுகும் ஓர் அறை. தெரு, வீடு, வாய்க்கால், மதகு, விளக்குக் கம்பம் என்று ஊரில் இருப்பதையெல்லாம் கணினி வரைபடத்தில் ஏற்றுவது வேலை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுற்றுவட்டார நகராட்சிகளில் இதே வேலை பார்ப்பவர்களைத் தஞ்சாவூருக்கு அழைப்பார்கள். யார் எவ்வளவு ஏற்றியிருக்கிறோம் என்று ஒப்பிட்டுத் தரவரிசை போடுவார்கள். ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொள்ள வேண்டுமாம். நான் கற்றுக்கொண்டதெல்லாம் அடுத்தவர் எப்படி எண்ணுகிறார் என்பதைத்தான்.

ஓர் ஊரில் இரண்டு கண் (திறப்பு) உள்ள ஒரே மதகை இரண்டு மதகாக எண்ணியிருந்தார்கள். இன்னோர் ஊரில் ஒரே வாய்க்காலைத் தெருவுக்குத் தெரு வெட்டிப் பத்தாக்கியிருந்தார்கள். உள்ளதை உள்ளபடி ஏற்றிய நான் கடைசியில் இருந்தேன்.

"நீங்க மட்டும் ஏன் மேடம் பின்னாடியே இருக்கீங்க?" என்று கூட்டம் நடத்திய அதிகாரி எல்லார் முன்னாலும் கேட்டார்.

"எல்லாரும் ஒரே மாதிரி எண்ணினாத்தானே சார் ஒப்பிட முடியும்?"

"அதை அப்புறம் பேசிக்கலாம்" என்றவர், டீ கொண்டுவரச் சொல்லிவிட்டார். எரிச்சலோடு ஊர் திரும்பினேன்.

அந்த ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. எங்கள் ஊரின் கிழக்கு ஓரத்தில் குத்தகைக்குப் பயிர் வைத்திருந்த ஓர் அம்மா, நனைந்த புடவையோடு என் அறைக்கு வந்தார்.

"நட்டு இருபது நாள்கூட ஆவலைங்க. வடிய வழியில்லாம தண்ணி நிக்குது. வாய்க்கால தூர்வாருங்கன்னு கேட்டா, அது உங்க மேப்புல சரியா இல்லைன்னு இங்க அனுப்பிட்டாங்க."

கணினியில் பார்த்தேன். வாய்க்கால் இருந்தது, ஆனால் நகராட்சி எல்லையோடு நின்றுவிட்டது. வகை என்ற இடத்தில் 'பாசன வாய்க்கால்' என்று எனக்கு முன்னால் இருந்தவர் பதிந்திருந்தார். பாசன வாய்க்காலைத் தூர்வாருவது நகராட்சி வேலை இல்லை என்று எங்கள் பொறியாளர் ஒதுக்கியிருக்கிறார். அதைச் சரிபார்க்காமல் மூன்று வருடம் உட்கார்ந்திருந்தவள் நான்தான்.

பக்கத்து நகராட்சியில் என் வேலையைப் பார்ப்பவருக்குப் போன் செய்தேன். கூட்டங்களில் பக்கத்து நாற்காலிக்காரர். அதுவரை நாங்கள் தரவரிசையைத் தவிர வேறெதுவும் பேசியதில்லை.

"எங்க மேப்புல அது மழைநீர் வடிகால் மேடம்" என்றார். "ஆனா உங்க எல்லை வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடியே முடிஞ்சிடுது."

"தண்ணி எங்க சார் போகும், அந்தரத்துலயா?"

"நாளைக்குக் காலைல நேர்லயே வந்துடறேன்" என்றார்.

மறுநாள் அந்த அம்மாவும் சேர மூவரும் எல்லைச் சாலையில் நின்றோம். இரண்டு வரைபடத்திலும் இல்லாத அந்தத் துண்டில், சாலைக்கு அடியில் ஒரு குழாய்ப் பாலம் இருந்தது. ஆகாயத்தாமரையும் யாரோ கொட்டிய கட்டட இடிபாடும் அதை அடைத்திருந்தன. எங்கள் பக்கம் வயலெல்லாம் வெள்ளம். அவர் பக்கம் வாய்க்காலில் கணுக்கால் அளவுதான் தண்ணீர்.

"ரெண்டு பேரும் இந்த ரோட்டு வழியாதான தினம் ஆபீசுக்குப் போறீங்க?" என்று அந்த அம்மா கேட்டார்.

ஸ்கூட்டர் இருக்கையில் மடிக்கணினியை வைத்து, குடை பிடித்துக்கொண்டு, இரண்டு கோடுகளையும் ஒன்றாக இணைத்தோம். ஒரே பெயர், ஒரே வகை. அதை அச்செடுத்து இரண்டு பொறியாளர்களிடமும் கொண்டுபோனோம். எந்த நகராட்சியின் இயந்திரம் வர வேண்டும் என்று அவர்கள் இரண்டு நாள் பேசினார்கள். மூன்றாம் நாள் மத்தியானம் ஒருவழியாக ஓர் இயந்திரம் வந்து அடைப்பை எடுத்தது. மாலைக்குள் வரப்பு தலைகாட்டியது.

"கீழண்டை வயல் போயிடுச்சுங்க, மத்தது தேறிடும்" என்றார் அந்த அம்மா. எனக்கு அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

அடுத்த கூட்டத்தில், இரண்டு வாய்க்கால் ஒன்றானதால் பக்கத்து நகராட்சிக்காரர் கணக்கிலும் என் கணக்கிலும் அரை அரையாகக் குறைந்திருந்தது. அட்டவணை அரையை ஏற்றுக்கொள்ளாமல் அந்த வாய்க்காலுக்கு இருவருக்கும் பூஜ்யம் போட்டது. ஏன் குறைந்தது என்று விளக்கம் கேட்டு ஆளுக்கொரு கடிதம் வந்தது. நடந்ததை எழுதி, இருவரும் ஒரே தாளில் கையெழுத்திட்டு அனுப்பினோம். இரண்டு அலுவலகம் ஒரே கடிதம் அனுப்ப வழியில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அதே கடிதத்தை இரண்டு தாளில் அடித்து அனுப்பியதும் ஏற்றுக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு நாங்களே ஒரு பக்கத்தில் எண்ணும் முறையை எழுதினோம். மதகு என்றால் எது, வாய்க்கால் எங்கே தொடங்கி எங்கே முடியும், எல்லையைத் தாண்டினால் யாரைக் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான். பெரும்பாலான ஊர்க்காரர்கள் சரி என்றார்கள். முதலிடத்தில் இருந்தவர் மட்டும் "பார்க்கலாம்" என்றார். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.